வளவுக்குள் இல்லாத வேலி

(நூற்றாண்டு விழாவின் இரண்டாம் நாள் அமர்வில் மூவராக நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)





விழாக் குழுவினர் எங்கள் மூவரையும் அழைத்து, "கணினிப் பாதுகாப்பைப் பற்றி இருபது நிமிடம் பேசுங்கள்" என்றார்கள். அது கடல் மாதிரித் தலைப்பு. இருபது நிமிடத்தில் கால் நனைக்கலாம், அவ்வளவுதான். ஆகவே ஒரு சிறு பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டோம். கணினித் திரையில் எழுத்தையும் படத்தையும் வரைந்து காட்டுகிற மென்பொருளும், அதில் இருந்த, இன்னும் இருக்கிற ஓட்டைகளுமே அது. இதைத் தேர்ந்ததற்குக் காரணம் நம் பாடசாலையின் கணினி அறை. சங்கத்தின் உதவியால் வந்த பழைய கணினிகளில் லினக்ஸ் போட்டு, விடுமுறைகளில் நாங்கள் மூவரும்தான் பராமரித்து வருகிறோம். அந்த அறையில் நாங்கள் பார்த்த ஒரு விடயம் எங்களைச் சில வாரங்கள் தூங்கவிடவில்லை. அதைச் சொல்வதற்கு முன் கொஞ்சம் அடிப்படை சொல்ல வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் கணினியில் ஒரு கடிதம் தட்டச்சுச் செய்கிறீர்கள். விசையை அழுத்தியதும் அந்த எழுத்து நேரே கடிதம் எழுதும் மென்பொருளுக்குப் போவதில்லை. இடையில் ஒருவர் இருக்கிறார். திரையில் எத்தனை சாளரம் திறந்திருக்கிறது, எது முன்னால் நிற்கிறது, சுட்டி எங்கே நிற்கிறது என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். விசை அவர் கைக்குப் போய், அவர்தான் உரிய சாளரத்துக்குக் கொடுக்கிறார். அந்தச் சாளரம் "இந்த எழுத்தை இங்கே வரை" என்று திருப்பிச் சொன்னால், திரையில் வருவதும் அவர் வழியாகத்தான். இந்த இடையாளுக்குக் காட்சிச் சேவையகம் என்று பெயர். உங்கள் கடவுச்சொல், வங்கிக் கணக்கு, மகளுக்கு எழுதிய கடிதம் எதுவானாலும் இவரைக் கடக்காமல் திரைக்கு வராது.

லினக்ஸ் உலகில் இந்த வேலையை மிக நீண்ட காலம் பார்த்தது எக்ஸ் என்னும் மென்பொருள். 1984இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்லூரியில், அதீனா என்ற திட்டத்தின் கீழ், பொப் ஷைஃப்ளரும் ஜிம் கெட்டிஸும் தொடங்கியது. அதற்கு முன் டபிள்யூ என்றொரு சாளர முறைமை இருந்தது. ஆங்கில நெடுங்கணக்கில் டபிள்யூவுக்கு அடுத்தது எக்ஸ் என்பதால் அந்தப் பெயர். பெயர் வைப்பதில் அவர்கள் அதிகம் மினக்கெடவில்லை. 1987 செப்டெம்பரில் எக்ஸின் பதினோராவது வடிவம் வந்தது. உலகம் இன்று வரை பாவிப்பது அந்தப் பதினோராவதைத்தான். பன்னிரண்டாவது வரவேயில்லை.

இனி நம் ஊருக்கு வருவோம். நம் கரையோர ஊர்களில் பெண்பிள்ளைக்கு வீடு கட்டிக் கொடுப்பது வழக்கம். உம்மாவின் வளவில் மூத்தவளுக்கு ஒரு வீடு, பக்கத்தில் இளையவளுக்கு ஒரு வீடு. வளவைச் சுற்றி முன்பு கிடுகு வேலி இருந்தது, இப்போது மதில் இருக்கிறது. வளவுக்குள்ளே வேலி இல்லை. ராத்தாவின் அடுப்படியில் என்ன கறி என்று தங்கச்சிக்குத் தெரியும். தங்கச்சியின் கதவு திறந்திருந்தால் ராத்தா கேட்காமலே உள்ளே போவாள். அதில் யாருக்கும் குறை இல்லை, எல்லாரும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள்.

எக்ஸ் கட்டப்பட்டது அப்படி ஒரு வளவாக. வெளியிலிருந்து வருகிறவரை "யார் நீ" என்று கேட்க வாசலில் ஒரு சோதனை வைத்தார்கள். உள்ளே வந்த பிறகு எல்லா மென்பொருளும் ஒரு குடும்பம். ஒரு சாளரம் மற்றச் சாளரத்தைப் பார்க்கலாம், அதில் விழுகிற விசைகளைக் கேட்கலாம், திரை முழுவதையும் படம் பிடிக்கலாம், மற்றவர் அழுத்தியது போலத் தானே விசை அழுத்தவும் செய்யலாம். இதை யாரும் கவனக்குறைவால் விட்டுவிடவில்லை, வடிவமைப்பே அப்படித்தான். 1980களில் ஒரு பல்கலைக்கழகக் கணினியில் ஓடிய மென்பொருளெல்லாம் அங்கேயே எழுதியவை, எழுதியவரைப் பக்கத்து அறையில் போய்ப் பார்க்கலாம். இன்று உங்கள் கணினியில் ஓடுவதில் எத்தனை பேர் எழுதியவை, அவர்கள் யார் என்று சொல்ல முடியுமா? வளவு அதே வளவு. குடியிருப்பவர்கள் மட்டும் முன்பின் தெரியாதவர்கள்.

இதை 2011இல் உரக்கச் சொன்னவர் ஒரு பெண். போலந்தைச் சேர்ந்த ஜொஆனா ருட்கோவ்ஸ்கா. லினக்ஸில் பயனர்களைப் பிரித்து வைத்திருக்கிறோம், நிருவாகிக்குத் தனிக் கடவுச்சொல் வைத்திருக்கிறோம் என்று எல்லாரும் பெருமைப்பட்ட நேரத்தில், திரையைப் பிரிக்காமல் மற்றதையெல்லாம் பிரித்து என்ன பயன் என்று கேட்டார். கேட்டதோடு நிற்கவில்லை. ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனி அறை போலக் கணினியையே துண்டு துண்டாகப் பிரிக்கும் கியூப்ஸ் என்ற இயங்குதளத்தைத் தன் குழுவோடு கட்டினார். அதன் முதல் முழுப் பதிப்பு 2012இல் வந்தது. நம் பாடசாலை நூலகத்தில் பெண் விஞ்ஞானிகள் என்றால் மேரி கியூரியோடு பட்டியல் நின்றுவிடுகிறது. இந்தப் பெயரையும் யாராவது சேர்த்துவிடுங்கள்.

ருட்கோவ்ஸ்கா காட்டிய சோதனையைத்தான் நாங்கள் நம் கணினி அறையில் செய்து பார்த்தோம். ஒரே திரையில் இரண்டு சாளரம். ஒன்றில், விசைப்பலகையைச் சோதிப்பதற்கென்று லினக்ஸோடு வரும் ஒரு சிறு கருவியை ஓட விட்டோம். அதற்கு எந்தச் சிறப்பு அனுமதியும் தேவையில்லை, கடவுச்சொல்லும் கேட்காது. மற்றச் சாளரத்தில் பதினோராம் ஆண்டு மாணவி ஒருத்தியைக் கூப்பிட்டு, கடவுச்சொல் கேட்கும் இடத்தில் நம் ஊரின் பெயரை ஆங்கில எழுத்தில் அடிக்கச் சொன்னோம். கடவுச்சொல் பெட்டியில் ஒன்றும் தெரியவில்லை, புள்ளிகூட இல்லை. ஆனால் பக்கத்துச் சாளரத்தில் வரிசையாக இலக்கங்கள் விழுந்தன: 33, 38, 46, 38, 58, 30, 57, 38, 31. ஒவ்வொன்றும் ஒரு விசையின் எண். ஏ எழுத்துக்கு 38. பாலமுனையில் அந்த எழுத்து மூன்று தடவை வருவதால் 38 மூன்று தடவை வந்தது. பிள்ளை சிறிது நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அப்ப நான் இவ்வளவு நாளும் அடிச்சதெல்லாம்?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்விதான் தூக்கத்தைக் கெடுத்தது. அந்த அறையில் பிள்ளைகள் பல்கலைக்கழக விண்ணப்பத்தை நிரப்புகிறார்கள். வெளிநாட்டில் இருக்கும் வாப்பாவுக்கு மின்னஞ்சல் எழுதுகிறார்கள். இணையத்தில் இருந்து எதையோ இறக்கி ஓட விடுகிறார்கள். இறக்கியதில் ஒன்று கெட்டதாக இருந்தால், அதற்கு ஓட்டை தேடவேண்டிய அவசியமே இல்லை, கதவு திறந்திருக்கிறது.

எங்களில் ஒருத்திக்கு இது புதிதும் அல்ல. அவள் முதல் வேலைக்குப் போன அலுவலகம் ஒன்றில், ஒரு கணினியின் சாளரத்தை இன்னொன்றில் திறக்க முடியாமல் அடிக்கடி வழு வந்துகொண்டிருந்தது. யாரோ ஒருவர் அதைத் தீர்க்க, வாசல் சோதனையையே நீக்கிவிடும் ஒரு சொல்லைக் கணினிகளின் தொடக்கக் கோப்பில் எழுதிவிட்டார். அந்தக் கட்டளையின் பெயருக்குப் பின்னால் ஒரு கூட்டல் அடையாளம், அவ்வளவுதான். வழு போய்விட்டது, எல்லாருக்கும் சந்தோஷம். அந்தக் கூட்டல் அடையாளத்தின் பொருள், வலையமைப்பில் உள்ள எந்தக் கணினியும் எந்தக் கணினியின் திரையையும் பார்க்கலாம் என்பது. சில மாதங்களில், அங்கு வேலை செய்த ஒரு சகோதரி தன் உம்மாவுக்கு எழுதிய சொந்தக் கடிதத்தின் விபரங்கள் மதியச் சாப்பாட்டு மேசையில் பேசப்பட்டன. கடவுச்சொல்லைத் தெரிந்த யாரோதான் காட்டிக்கொடுத்தார் என்று அவர் நினைத்தார். பக்கத்து இருக்கையில் இருந்த எங்கள் தோழியைத்தான் சந்தேகப்பட்டார். காரணம் தெரிய வந்தபோது அவர் வேலையை விட்டுப் போய்விட்டிருந்தார். இன்று வரை அவரிடம் விளக்கம் சொல்லக் கிடைக்கவில்லை. (இப்போது வலையமைப்பு வழியாகக் கேட்பதை எக்ஸ் தானாகவே மூடி வைத்திருக்கிறது. 2015இல் வந்த 1.17 பதிப்பிலிருந்துதான் அப்படி.)

இது வரை சொன்னது வடிவமைப்பின் குறை. எழுதியதில் விட்ட பிழைகள் வேறு வகை. அவற்றில் சில, நம் தமிழ் டீச்சர் சிவப்பு மையால் வட்டம் போடும் எழுத்துப் பிழை அளவுதான். அதனாலேயே அவற்றைச் சொல்ல ஆசைப்படுகிறோம்.

பழைய எக்ஸ், திரை அட்டையைத் தானே நேராகக் கையாண்டது. அதற்கு நிருவாகி அதிகாரம் வேண்டும். லினக்ஸில் அதை ரூட் என்பார்கள், வீட்டின் எல்லாப் பெட்டகத்துக்கும் ஒரே சாவி. எக்ஸ் அந்தச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டுதான் ஓடும், சாதாரணப் பயனர் தொடக்கினாலும் அப்படியே. ஆகவே சில ஆபத்தான கட்டளைகளை ரூட் மட்டுமே கொடுக்கலாம் என்று ஒரு சோதனை வைத்திருந்தார்கள். "பதிவேட்டை இந்தக் கோப்பில் எழுது" என்பது அதில் ஒன்று. "உன் துணைக் கூறுகளை இந்த இடத்திலிருந்து எடு" என்பது மற்றொன்று. முதலாவதைக் கண்டவரும் கொடுக்க முடிந்தால் ரூட்டின் கோப்புகளை அழித்து எழுதலாம். இரண்டாவதைக் கொடுக்க முடிந்தால் தன் சொந்த நிரலை ரூட்டின் அதிகாரத்தோடு ஓட விடலாம்.

2006 மார்ச்சில் அந்தச் சோதனையில் ஒரு பிழை வெளிவந்தது. "இப்போது யாருடைய அதிகாரத்தில் ஓடுகிறேன்" என்று கேட்கும் ஒரு செயற்கூறு நிரலில் உண்டு. அதைக் கூப்பிட வேண்டுமானால் பெயருக்குப் பின்னால் ஒரு சோடி அடைப்புக்குறி போட வேண்டும். அந்தச் சோடியை ஒரு இடத்தில் போட மறந்துவிட்டார்கள். அடைப்புக்குறி இல்லாவிட்டால் கணினி கேள்வியைக் கேட்காது. அந்தச் செயற்கூறு நினைவகத்தில் இருக்கும் முகவரியை மட்டும் பார்க்கும். முகவரி ஒருபோதும் பூச்சியமாக இருக்காது, ஆகவே விடை எப்போதும் "சரி, போகலாம்". வாசலில் நிற்கும் காவலாளியிடம் "வருகிறவர் யார்" என்று விசாரிப்பதற்குப் பதிலாக, "காவலாளி நிற்கிறாரா" என்று பார்த்துவிட்டு, நிற்கிறார் என்றதும் எல்லாரையும் உள்ளே விட்ட மாதிரி. மனிதக் கண்ணுக்குத் தப்பிய இதைப் பிடித்தது ஒரு மென்பொருள். அமெரிக்க அரசின் உதவியோடு கவரிட்டி நிறுவனம் திறந்த மூல நிரல்களை இயந்திரத்தால் வாசித்துச் சோதித்தபோது அகப்பட்டது. பிழை வந்து சில மாதங்களே ஆகியிருந்ததால் பெரிய சேதமில்லாமல் முடிந்தது.

அடுத்தது அவ்வளவு சீக்கிரம் முடியவில்லை. எழுத்துருக் கோப்பை வாசிக்கும் ஒரு வரி. கோப்பிலிருந்து ஒரு எழுத்தின் பெயரை எடுத்து நூறு இடமுள்ள பெட்டியில் வைக்க வேண்டும். எவ்வளவு நீளம் வரை எடுக்கலாம் என்று அந்த வரி சொல்லவில்லை. நூற்றைத் தாண்டிய பெயரோடு ஒருவர் எழுத்துருக் கோப்பைத் தயாரித்துக் கொடுத்தால், மிஞ்சியது பெட்டிக்கு வெளியே வழிந்து பக்கத்தில் இருப்பதை அழிக்கும். வழிவதைத் திட்டமிட்டு வழிய வைத்தால் கணினியின் கட்டுப்பாடு கைமாறும். இந்த வரி எழுதப்பட்டது 1991 மே மாதம். கண்டுபிடித்துத் திருத்தியது 2014 ஜனவரி. இருபத்திரண்டு வருடத்துக்கு மேல். திருத்தம் என்ன தெரியுமா? அந்த வரியின் நடுவில் 99 என்று இரண்டு இலக்கம் சேர்த்தார்கள். வேறு ஒன்றும் இல்லை.

இதையும் மிஞ்சியது உண்டு. 2023 ஒக்டோபரில் எக்ஸின் நூலகங்களில் சில ஓட்டைகள் அறிவிக்கப்பட்டன. அவற்றில் இரண்டு 1988 பெப்ரவரியில் வந்த பதிப்பிலிருந்தே இருந்தவை. 1988இல் பிறந்த ஒரு பிள்ளை 2023இல் தன் மகளை நம் பாடசாலையில் ஆறாம் ஆண்டில் சேர்த்துவிட்டுப் போயிருப்பாள்.

இத்தனை வருடம் எப்படித் தப்பியது என்று கேட்பீர்கள். திறந்த மூலம் என்றால் உலகமே வாசிக்கலாம், ஆகவே பிழை ஒளிய முடியாது என்று நாங்களும் படித்த காலத்தில் நம்பினோம். வாசிக்கலாம் என்பது வேறு, வாசிக்கிறார்கள் என்பது வேறு. 2013 டிசம்பரில் ஹம்பர்க்கில் நடந்த மாநாடு ஒன்றில் இல்யா வான் ஸ்ப்ருண்டல் என்ற ஆய்வாளர், எக்ஸின் நிரலை உட்கார்ந்து வாசித்ததில் அகப்பட்டவற்றை விளக்கினார். அவர் தந்த பட்டியலைத் திருத்தி முடிக்க எக்ஸ் குழுவுக்கு அடுத்த வருடக் கடைசி வரை எடுத்தது. அந்தக் குழு பெரிய கம்பனி அல்ல. உலகம் முழுவதற்கும் திரை வரைந்து கொடுக்கிற மென்பொருளைக் காப்பாற்றியவர்கள் மிகச் சிலர், அவர்களில் பலர் வேறு வேலைகளுக்கு நடுவே இதைச் செய்தவர்கள். குறை சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை.

ஒரு கதை மட்டும் மனதை உறுத்துகிறது. 2006இல் அடைப்புக்குறி விடுபட்டதைச் சொன்னோமே, பதிவேட்டுக் கட்டளை, துணைக் கூறுக் கட்டளை. பன்னிரண்டு வருடத்துக்குப் பிறகு, 2018 ஒக்டோபரில், அதே இரண்டு கட்டளைகள் வழியாக அதே ஓட்டை மறுபடியும் வெளிப்பட்டது. 2016இல் வந்த 1.19 பதிப்பில் அந்தச் சோதனை சரியாக நடக்காமல் போயிருந்தது. இந்த முறை கண்டுபிடித்தவர் நம் அயல் நாட்டவர், இந்தியாவின் நரேந்திர ஷிண்டே. இதைப் பாவித்து ரூட் ஆகும் வழி ஒரு ட்விட்டர் பதிவுக்குள் அடங்கும் அளவு சிறியது என்று இன்னொருவர் காட்டினார். பாதுகாப்புக்கென்றே பெயர் பெற்ற ஓப்பன் பி.எஸ்.டி. இயங்குதளம் ஒரு வாரத்துக்கு முன்தான் புதிய பதிப்பை வெளியிட்டிருந்தது, அதிலும் இதே ஓட்டை. ஒருமுறை களவு போன வாசலில் பூட்டை மாற்றினோம் என்பதை வீட்டில் யாரும் எழுதி வைக்கவில்லை. பிறகு வீட்டைத் திருத்தியவர் பூட்டைக் கழற்றி வைத்துவிட்டார்.

"நாங்கள் விண்டோஸ்தான் பாவிக்கிறோம், எங்களுக்கென்ன" என்று பின்வரிசையில் ஒரு முகம் சொல்வது தெரிகிறது. 1996இல் வந்த விண்டோஸ் என்.டி. நான்காம் பதிப்பில், வேகத்துக்காக, திரை வரையும் பகுதியை இயங்குதளத்தின் கருவுக்குள்ளேயே கொண்டுபோய் வைத்தார்கள். அங்கே ஒரு பிழை என்றால் முழு வீடும் போகும். 2011இல் டூக்கு என்ற உளவு மென்பொருள் அப்படித்தான் நுழைந்தது. ஒரு வேர்ட் கோப்புக்குள் ஒளித்து வைத்த எழுத்துரு, கருவுக்குள் இருந்த எழுத்துரு வாசிப்பானின் பிழை. எக்ஸின் 99 கதைக்கும் இதற்கும் உறவுமுறை இருக்கிறது. மைக்ரோசொஃப்டும் விண்டோஸ் 10இல் எழுத்துரு வாசிக்கும் வேலையைக் கருவுக்கு வெளியே எடுத்து வைத்தது.

சரி, வளவுக்குள் வேலி போடலாமே? போட்டார்கள். எக்ஸில் வேலை செய்தவர்களில் ஒருவரான கிறிஸ்டியன் ஹோக்ஸ்பேர்க் 2008இல் வேலண்ட் என்ற புதிய முறையைத் தொடங்கினார். அமெரிக்காவில் அவர் கடந்து போன ஒரு சிற்றூரின் பெயர் அது. வேலண்டில் ஒரு சாளரத்துக்கு மற்றச் சாளரம் இருப்பதே தெரியாது. விசை யாருக்கோ அவருக்கு மட்டும். திரையைப் படம் பிடிக்க வேண்டுமானால் பயனரிடம் அனுமதி கேட்க வேண்டும். ரூட் சாவியும் தேவையில்லை, ஏனென்றால் திரை அட்டையைக் கையாளும் வேலையை 2009 அளவிலிருந்து லினக்ஸின் கருவே எடுத்துக்கொண்டது. ஃபெடோரா 2016 நவம்பரில் வேலண்டை இயல்பாக்கியது. உபுண்டு 2017இல் மாறி, அடுத்த பதிப்பில் எக்ஸுக்குத் திரும்பி, 2021இல் மறுபடி மாறியது.

ஏன் இந்தத் தடுமாற்றம்? வேலி போட்டால் திருடன் மட்டுமா நிற்பான், உதவிக்கு வருகிறவளும் வெளியே நின்றுவிடுவாள். பார்வை இல்லாதவர்களுக்குத் திரையை வாசித்துச் சொல்லும் மென்பொருள் மற்றச் சாளரங்களைப் பார்க்காமல் எப்படி வாசிக்கும்? நம்மைத் தொட்ட விடயம் தமிழ். நீங்கள் ரெங்கநாதன் விசைப்பலகையில் அடித்தாலும் ஆங்கில ஒலிப்பில் அடித்தாலும், இடையில் ஒரு உள்ளீட்டு மென்பொருள் விசையைப் பிடித்து, சேர்த்து, தமிழ் எழுத்தாக்கிக் கொடுக்கிறது. யோசித்துப் பாருங்கள், அது செய்வதும் விசை திருடுகிறவன் செய்வதும் பாதி ஒரே வேலை. எக்ஸில் அது சுலபம், ஏனென்றால் யாரும் எதையும் கேட்கலாம். வேலண்டில் அதற்கென்று தனி வாசல் வைத்து, தனி ஒப்பந்தம் எழுத வேண்டியிருந்தது. ஆங்கிலத்தில் மட்டும் எழுதுகிறவர்களுக்கு இந்த அவசரம் புரியவில்லை. சில வருடங்கள் தமிழில் எழுத வேண்டுமா, பாதுகாப்பு வேண்டுமா என்று தேர்ந்தெடுக்க வேண்டிய நிலை எங்களுக்கு இருந்தது. நாங்கள் தமிழைத் தேர்ந்தோம், எக்ஸிலேயே இருந்தோம். அது சரியான முடிவா என்று எங்கள் மூவருக்குள் இன்னும் ஒத்துப்போகவில்லை.

இப்போது அந்தத் தடை பெரும்பாலும் நீங்கிவிட்டது. எங்கள் அறையில் மிஞ்சிய தடை வேறு. பழைய கணினிகளுக்கு இரண்டு ஜிபி நினைவகம்தான். வேலண்டில் நன்றாக ஓடும் பெரிய திரைமுகங்கள் அவற்றில் மூச்சுத் திணறும். இலேசான திரைமுகங்களோ நீண்ட காலம் எக்ஸை மட்டுமே நம்பியிருந்தன. கணினிகளை ஒதுக்கிவிட்டுப் புதியது கேட்கலாமா என்று யோசித்தோம். கேட்டால் நீங்கள் தருவீர்கள், தெரியும். ஆனால் அந்தப் பணத்தில் இரண்டு பிள்ளைகள் ஒலுவில் வளாகத்துக்குப் போய்வரும் செலவு நடக்கும். ராஸ்பெரி பை என்ற கையடக்கக் கணினிக்காரர்கள் 2024இல் லாப்டபிள்யூசி என்ற இலேசான வேலண்ட் திரைமுகத்துக்கு மாறியதை அறிந்து, அதையே எங்கள் பழைய கணினிகளிலும் போட்டுப் பார்த்தோம். ஓடியது. ஒரு கணினியில் மட்டும் திரை அட்டை ஒத்துழைக்கவில்லை.

வெளியூர்களில் இருக்கும் ராத்தாமாருக்கு இடையில் ஒரு சொல். உங்கள் கைப்பேசியில் எக்ஸ் இல்லை. அங்கே செயலிகளுக்கு இடையில் முதலிலிருந்தே வேலி உண்டு. ஆனால் "மற்றச் செயலிகளின் மேல் காட்ட அனுமதி", "அணுகல்தன்மைச் சேவை" என்று இரண்டு அனுமதிகள் இருக்கின்றன. பார்வை இல்லாதவர்களுக்கும் இயலாதவர்களுக்கும் உதவ வைத்த வாசல்கள் அவை. அந்த இரண்டும் சேர்ந்து ஒரு கெட்ட செயலியின் கைக்குப் போனால் கைப்பேசியே போன மாதிரி என்று 2017இல் அமெரிக்கப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டினார்கள். வங்கியிலிருந்து பேசுகிறோம் என்று யாராவது அழைத்துத் திரையைப் பகிரும் செயலி ஒன்றைப் போடச் சொன்னால், அவர் கேட்பது உங்கள் வளவுக்குள் ஒரு பாய். விரித்துக் கொடுக்காதீர்கள். இன்று இரவே அமைப்புகளில் போய் அந்த இரண்டு அனுமதியும் யாரிடம் இருக்கிறது என்று பாருங்கள்.

மாற்றிய பிறகு அதே மாணவியை மறுபடி கூப்பிட்டோம். அதே சோதனை. அவள் கடவுச்சொல் பெட்டியில் பாலமுனை என்று அடித்தாள். பக்கத்துச் சாளரம் வெறுமையாக இருந்தது. கைதட்டினார்கள். அவள் தட்டவில்லை. பட்டியலில் இருந்த ஒரு பழைய கணக்கியல் மென்பொருளைத் திறந்து, அதில் அடித்துப் பார்த்தாள். 33, 38, 46 என்று இலக்கங்கள் வரத் தொடங்கின.

காரணம் உண்டு. வேலண்டுக்கு மாறாத பழைய மென்பொருள்களுக்காக வேலண்டுக்குள்ளேயே ஒரு சின்ன எக்ஸ் ஓடுகிறது. அதற்குள் போகிறவை எல்லாம் பழையபடி ஒரே வளவுதான். அவள் கேட்டாள், "அப்ப இது அரை வேலியா ராத்தா?" ஆம் என்றோம். நாங்கள் சொல்லிக் கொடுக்காத ஒன்றை அவளாகத் தேடிப் பிடித்தாள். இப்போது ஒவ்வொரு கணினியிலும் எந்தெந்த மென்பொருள் இன்னும் அந்தப் பழைய வளவுக்குள் ஓடுகிறது என்று ஒரு பட்டியல் எடுக்கிறாள். முதல் பக்கத்தைப் போன வெள்ளிக்கிழமை வட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தாள். பதினாறு பெயர்கள் இருந்தன. அதில் மூன்றை நாங்கள் நீக்கிவிட்டோம், இரண்டுக்குப் புதிய பதிப்பு கிடைத்தது, மற்றவற்றைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

திரை அட்டை ஒத்துழைக்காத கணினி சன்னல் ஓரத்தில் இருக்கிறது. அதில் இன்னும் எக்ஸ்தான். வலையமைப்புக் கம்பியைக் கழற்றி, மேலே ஒரு கடதாசி ஒட்டியிருக்கிறோம்: "இதில் கடவுச்சொல் அடிக்க வேண்டாம்." தட்டச்சுப் பழகுவதற்கு அது போதும்.